ஒரே வாத்தியார்! மைசூரில் புயல், சென்னையில் தென்றல்!

காலை மணி 5½. மெரினா கடற்கரை.

மணலில் விரிப்பைப் போட்டு ஒரு கோஷ்டி சூரிய நமஸ்காரம் செய்கிறது. எல்லோரும் வாலிபர்கள். குனிகிறார்கள், பின்னால் தாவுகிறார்கள், நெஞ்சை நிமிர்த்துகிறார்கள், மறுபடி எழுகிறார்கள். வியர்வை சொட்டுகிறது. பார்க்க ஜோர்!

நாலு கஜம் தள்ளி ஒரு வயதான தம்பதி. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது கையை மெதுவாகத் தூக்குகிறார்கள். விடும்போது இறக்குகிறார்கள். அவ்வளவுதான்.

இதில் எது யோகா?

"ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் நமக்கு எது என்பதல்லவா கேள்வி? அதில் தப்புக் கணக்குப் போட்டு, 3 வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் தவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மொட்டை மாடி ரோஷம்

என் வயது 47. பகல் முழுக்க நாற்காலி உத்தியோகம். போக வர எலக்ட்ரிக் ரயிலில் தொங்கல்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு 22 வயது. தினமும் மொட்டை மாடியில் 24 சூரிய நமஸ்காரம் போடுவான். "அங்கிள், நீங்களும் வாங்க. பத்தே நாள்ல தொப்பை போயிடும்" என்றான்.

ரோஷம் வந்துவிட்டது. முதல் நாள் 12. நாலாம் நாள் 24. ஏழாம் நாள் சுவரோரமாகச் சிரசாசனம்!

எட்டாம் நாள் காலை சட்டை போடக் கையைத் தூக்கினேன். கழுத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். தூக்கிய கை இறங்கவில்லை.

டாக்டர் சீறினார்: "உங்களுக்குப் பிரஷர் இருக்குன்னு போன வருஷமே சொன்னேன். யார் உங்களைத் தலைகீழா நிக்கச் சொன்னது?"

வலி தீர்ந்ததும், மயிலாப்பூர் சந்து ஒன்றில் இருக்கும் வயதான ஆசன வாத்தியாரிடம் போனேன். எந்த ஆசனம் தெரியும் என்று அவர் கேட்கவே இல்லை.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கறீங்க? விடிகாலையில முதுகு பிடிக்குதா? மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? ஆபீஸ்ல உக்காந்த வேலையா, நின்ன வேலையா?"

அரை மணி நேரம் கேள்விதான். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். "கிருஷ்ணமாச்சாரியார் வழி அப்படி" என்றார்.

அரண்மனைப் பையன்கள்

யார் இந்த டி.கிருஷ்ணமாச்சாரியார்? இன்று உலகம் முழுக்க நடக்கிற யோகா வகுப்புகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் இவரிடம் போய்த்தான் முட்டும் என்பது என் எண்ணம். பிறந்தது 1888-ல், கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம். இறந்தது நம் சென்னையில், 1989-ல். 100 வயதைத் தாண்டியவர்.

1933-ல் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். மாணவர்கள் எல்லாம் துள்ளித் திரியும் பையன்கள். இளரத்தம்! மூச்சோடு சேர்த்து ஓர் ஆசனத்தில் இருந்து இன்னோர் ஆசனத்துக்குத் தாவ வைத்தார். கண்டிப்பான வாத்தியார். ஊர் ஊராகப் போய் ஜனங்கள் முன்னால் செய்தும் காட்டினார்கள். உட்கார்ந்து மூச்சு விடுவதைக் காட்டினால் யார் வேடிக்கை பார்ப்பார்கள்?

அங்கே படித்தவர்களில் பட்டாபி ஜோயிஸ் ஒருவர். 1948-ல் மைசூரிலேயே தனிப் பள்ளி ஆரம்பித்து, அந்தத் தாவும் முறையை உலகம் எங்கும் பரப்பினார். மைத்துனர் பி.கே.எஸ்.ஐயங்கார் புனேக்குப் போனார். கயிறு, நாற்காலி, மரக்கட்டை என்று துணை வைத்து, ஓர் ஆசனத்தில் அசையாமல் நிற்கும் முறையை வளர்த்தார்.

சென்னைக்கு வந்தார்

1950-ல் மைசூர் யோகசாலை மூடப்பட்டது. 1952-ல், பக்கவாதம் கண்ட ஒரு பிரபல சட்ட நிபுணருக்காகக் கிருஷ்ணமாச்சாரியாரைச் சென்னைக்கு அழைத்தார்கள். அவருக்கு வயது அப்போது 60-ஐத் தாண்டிவிட்டது. பிறகு இங்கேயே தங்கிவிட்டார்.

இங்கே வந்தவர்கள் அரண்மனைப் பையன்களா? இல்லை! முதுகுவலிக்காரர்கள், இரைப்புக்காரர்கள், கர்ப்பிணிகள், வயசாளிகள். இவர்களைத் தாவச் சொன்னால் என்ன ஆகும்?

அதே வாத்தியார், அதே ஆசனங்கள். ஆனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார். முழங்கால் மடங்காதவருக்கு நாற்காலியில் வைத்துப் பாடம். குனிய முடியாதவருக்கு மூச்சு மட்டும். என்ஜினீயரிங் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் இந்த முறையைக் கற்று, 1976-ல் தந்தை பெயரில் யோக மந்திரம் தொடங்கினார். மந்தைவெளியில் இருக்கிறது.

முத்தாய்ப்பாக ஒன்று. 96-வது வயதில் கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். படுக்கையில் கிடந்தபடியே செய்யத் தனக்குத்தானே ஓர் அப்பியாச முறையை வகுத்துக்கொண்டாராம்! (இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்கு மறுப்பு சொல்ல வேண்டாம். அவர் அவர்தான், நாம் நாம்தான்.)

லங்கணம் தெரியுமா?

காய்ச்சல் வந்தால் பாட்டி "லங்கணம் போடு" என்பாள். பட்டினி போட்டு உடம்பை லேசாக்குவது. அதே வார்த்தையை இந்த வழி வாத்தியார்கள் ஆயுர்வேதத்தில் இருந்து எடுத்து யோகாவில் வைத்திருக்கிறார்கள். உடம்பின் படபடப்பைக் குறைத்து அடக்குவது லங்கணம். அதற்கு நேர் எதிர் பிரும்மணம். சூடும் பலமும் ஏற்றுவது.

எப்படிச் செய்வது? மூச்சை இழுப்பதை நீட்டி, மார்பை விரித்து, பின்னால் வளைந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும். அது பிரும்மணம். மூச்சை விடுவதை நீட்டி, முன்னால் குனிந்து, படுத்துச் செய்தால் உடம்பு அடங்கும். அது லங்கணம். இழுக்க 4 எண்ணினால் விட 6 எண்ணுங்கள். ராத்திரி தூக்கம் வராதவர் செய்து பார்க்கட்டும்.

"காலையில மந்தமா இருக்கிற ஆளுக்கு முதலாவது. சாயங்காலம் மேனேஜர்கிட்ட திட்டு வாங்கிட்டு வர்ற ஆளுக்கு ரெண்டாவது" என்றார் வாத்தியார். என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

நாள் முழுக்க நிற்கிற கடைக்காரர் ஆசனத்துக்கும் நின்றுகொண்டே இருந்தால் கால் என்ன ஆகும்? சுவரில் காலைத் தூக்கிவைத்து 10 நிமிஷம் படுப்பதுதான் அவருக்கு அமிர்தம். நாற்காலியில் கூன் விழுந்து உட்காருகிற குமாஸ்தா அதே மாதிரிப் படுத்தால் தூங்கித்தான் போவார். அவர் நிற்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும், புஜங்காசனத்தில் நெஞ்சை நிமிர்த்த வேண்டும்.

மென்மையே போதுமா?

போதாது! இதையும் சொல்லியாக வேண்டும். 30 வயதில், நல்ல தேகத்தோடு, கண்ணை மூடி மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு "நானும் யோகா பண்றேன்" என்பவர்கள் இருக்கிறார்கள். சோம்பலுக்கு யோகா என்று பெயர்! வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு சூடேறும்படி உழைக்க வேண்டும், 2 நாளாவது தசைக்குப் பலமான வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எலும்புக்கும் தசைக்கும் பாரம் வேண்டும்.

அதே சமயம், தாவும் முறையிலும் ஓய்வு உண்டு. பட்டாபி ஜோயிஸ் பள்ளி வழக்கப்படி சனிக்கிழமையும், அமாவாசை, பௌர்ணமியும் விடுமுறை. மலேயாவில் டாக்டராக இருந்து துறவியான பத்தமடை சிவானந்தரின் வழியிலோ, ஆசனத்துக்கு ஆசனம் நடுவே சவாசனம். சிரசாசனம் செய்தால் பின்னாலேயே சர்வாங்காசனம். பின்னால் வளைந்தால், முழங்காலை நெஞ்சோடு அணைத்து ஒரு மாற்று. கஷ்டமும் சுலபமும் மாறி மாறித்தான் வரும்.

அளவு எப்படித் தெரியும்? மூச்சுதான் மீட்டர். "மூச்சு திக்கினா அங்கேயே நிறுத்துங்க. பல்லைக் கடிச்சா ஆசனம் இல்லை, சண்டை" என்றார் வாத்தியார்.

ரத்தக் கொதிப்பு, கண்ணில் கிளாகோமா, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்கள் ஆகாது. பிரஷர்காரர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கவும் கூடாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கைபேசியில் படம் பார்த்துச் சிரசாசனம் செய்யாதீர்கள். உங்கள் கழுத்து கோணலாக இருப்பதை அந்தப் பெட்டி சொல்லாது.

தம்பிக்கு வந்த வினை

இப்போது எனக்கு வாரத்தில் 3 நாள் நின்று செய்யும் ஆசனங்களும் 6 சூரிய நமஸ்காரமும். மற்ற நாட்களில் படுத்தும் உட்கார்ந்தும் 20 நிமிஷம். தொப்பை அப்படியே இருக்கிறது. ஆனால் முதுகு வலிக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனியில் நைட் ஷிப்ட். காலையில் வந்ததும் பழையபடி 24 நமஸ்காரம் போட்டுவிட்டுப் படுப்பான். போன மாதம் கண் சிவந்து வந்து நின்றான்.

"அங்கிள், தூக்கமே வரமாட்டேங்குது."

"ஷிப்ட் முடிஞ்சு வந்து குதிக்காதேடா. இப்படி வா" என்று மொட்டை மாடிக்கே கூட்டிப்போனேன். தண்ணீர்த் தொட்டிச் சுவர் நிழலில் பாயை விரித்து, காலை மேலே தூக்கிவைத்துப் படுக்கச் சொன்னேன். 4 எண்ணி இழு, 6 எண்ணி விடு.

பத்தாவது நிமிஷம் குறட்டை!