கூட்டாக வாங்கும் மாடிவீடு

நண்பர் இருவர் பணம் சேர்த்து, இரண்டு முதல் நான்கு குடித்தனங்கள் கொண்ட சிறு மாடிவீடு ஒன்றை வாங்கி, அதில் தாமும் வாழ்ந்து, எஞ்சிய பகுதிகளின் வாடகையாற் கடன் தீர்ப்பது அமெரிக்காவில் உள்ள ஒரு வழி. 1934ஆம் ஆண்டு தோன்றிய கூட்டரசு வீடமைப்பு நிர்வாகம் இத்தகைய கடனுக்குக் காப்புறுதி அளிப்பதால், தகுதியுடையோர் விலையில் 3.5 வீதம் முற்பணம் கட்டினாற் போதும். ஆயின் அச்சலுகை குடியிருப்போர்க்கே உரியது. 60 நாட்களுள் குடிபுகுந்து ஓராண்டேனும் வாழ்தல் வேண்டும்.

சிக்கல் கூட்டாளியிடத்தே பிறக்கின்றது. கடனில் ஒப்பமிட்ட இருவருள் ஒருவர் வேறிடத்தில் வாழ்வாராயின், முற்பணம் 25 வீதமாகும், உடன்பிறந்தார்க்கும் விலக்கில்லை. 4 இலட்சம் டொலர் வீட்டுக்கு 14,000 டொலர் சேர்த்து வைத்தவர், ஓர் இலட்சம் தேடவேண்டும்! மூன்று, நான்கு குடித்தனமெனின் வேறொரு சோதனையும் உண்டு: தாம் வாழும் பகுதிக்கும் வாடகை மதித்து, மொத்தத்திற் காற்பங்கேனும் கழித்தபின் எஞ்சுவது மாதத் தவணையைத் தாங்கவேண்டும்.

நாம் பெரிதும் அஞ்சுவது இவற்றையன்று. ஒருவர் தவணை தவறினால், வங்கி முழுக்கடனையும் மற்றவரிடமே கேட்கும். அவர் அரைப்பங்குக்காரர் என்பது அதற்குப் பொருட்டன்று. ஓராண்டின் பின் விலகுவது யார், விலகுவோர் பங்கை மதிப்பது எவ்வாறு என்பனவற்றை, உறுதி முடிக்குமுன்னரே சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவித்தல் நலமென்போம்.