பாதி வேகம், எட்டில் ஒரு பங்கு மின்சாரம்: மீதிக் கணக்கு எங்கே?

எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் பெருநுகர்வோராக அறிவிக்கப்பட்ட ஆலைகள், நிதியாண்டு முடிந்த மூன்று மாதங்களுக்குள் தங்கள் கணக்கை ஒப்படைக்க வேண்டியிருப்பதால், ஜூன் 30 நெருங்கும்போதெல்லாம் கூலிங் டவர் விசிறிக்கு வி.எஃப்.டி. பொருத்தலாமா என்ற கேள்வி வாசகர் கடிதங்களில் பெருகுகிறது. அக்கட்டாயம் எட்டாத சிறு ஆலைக்காரர்களும் அதையே கேட்கின்றனர்.

ஜவ்வாது மலையின் வடமேற்கே பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிக்கு இக்கேள்வி அயலானதன்று. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் குறித்து 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பெற்றன. சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி பின்னர் வந்தபோது, சவ்வூடு பிரித்தபின் எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைக்க நேர்ந்தது. அந்த ஆவியை மீண்டும் நீராக்கக் குளிர்ந்த நீர் வேண்டும். அதைத் தருவதே கூலிங் டவர்.

வி.எஃப்.டி. என்பது மோட்டாருக்குச் செல்லும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் குறைத்து, அதன்வழி விசிறியின் வேகத்தைக் குறைக்கும் கருவி. காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறைய, மின்திறன் வேகத்தின் மும்மடியாகக் குறைகிறது என்பதே இதில் வியக்கத்தக்கது: 40 ஹெர்ட்ஸில் காற்று ஐந்தில் நான்கு பங்காகவும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகவும் இறங்குகின்றன, 25 ஹெர்ட்ஸில் காற்று பாதி, மின்சாரமோ எட்டில் ஒரு பங்கு. இரண்டு விசிறிகளில் ஒன்றை நிறுத்தி மற்றதை முழுவேகத்தில் ஓட்டுவதே சிக்கனம் என்று பலரும் எண்ணுகின்றனர்; இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே அளவு காற்று கால் பங்கு மின்சாரத்தில் கிடைக்கும் என்பதைத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

ஆயினும் 'சேமிப்பு' என்ற சொல், அதிகாரபூர்வமான தாள்களில் வரும்போதும் விற்பனைத் துண்டறிக்கைகளில் வரும்போதும், பெரும்பாலும் விசிறியின் மீட்டரில் குறைந்ததை மட்டுமே குறிக்கிறது. காற்று குறைந்தால் நீர் சற்றுச் சூடாகவே திரும்பும். சூடான நீரால் ஆவியாக்கியின் வெற்றிடம் தளர, கொதிகலன் கூடுதல் நீராவி தரவேண்டும். குளிர்சாதன ஆலையாயின், நீரின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசரின் மின்சாரம் இரண்டு, மூன்று விழுக்காடு ஏறும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. கம்ப்ரசரோ விசிறியைவிடப் பன்மடங்கு பெரிய மின்நுகர்வி. ஆகவே விசிறியில் மிச்சமான ரூபாய் வேறொரு கணக்கில் செலவாகியிருக்கக் கூடும்.

எப்போது மெதுவாக ஓட்டலாம் என்பதை முடிவுசெய்வது வெயிலன்று, ஈரக்குமிழ் வெப்பநிலை. அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் அளவு, கோபுரத்து நீர் அதற்குக் கீழே குளிர இயலாது. 40 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மே மாத நண்பகலில் இது ஏறத்தாழ 26 டிகிரி. 28 டிகிரியும் 90 விழுக்காடும் உள்ள ஐப்பசி அடைமழை நாளிலோ 26½-ஐத் தாண்டும். உடலுக்கு இதமான மழைநாள் கோபுரத்துக்குக் கத்திரி வெயிலைவிடச் சற்றே கடினமானது. விசிறி உண்மையில் ஓய்வெடுக்கக்கூடிய காலம் மலைக்காற்று இறங்கும் மார்கழி, தை இரவுகளே. கெடுவையொட்டி ஒரு மாத அளவீட்டைக் காட்டி ஆண்டுச் சேமிப்பைக் கணிப்பது அதனால் ஐயத்துக்குரியது.

ஆண்டு முழுதும் 50 ஹெர்ட்ஸிலேயே ஓடும் விசிறிக்கு வி.எஃப்.டி. பொருத்தினால் கருவியின் சொந்த இழப்பு சேர்ந்து கட்டணம் கூடவே செய்யும். இக்கருவி மின்சார அலையைச் சிதைத்து வலையமைப்புக்குள் அனுப்பும் ஹார்மோனிக்ஸ் வரம்பு மீறினால், தமிழ்நாட்டு உயரழுத்த நுகர்வோர் 15 விழுக்காடு இழப்பீட்டுக் கட்டணத்துக்கு உள்ளாவர் என்பதைக் கருவியின் விலையைக் கணக்கிடும்போது பலர் மறந்துவிடுகின்றனர்.

பழைய மோட்டாருக்கே பொருத்தலாமா? பொருத்தலாம், சுருள்களின் காப்பைச் சோதித்தபின். விசிறி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்ந்தால்? அந்த வேகத்தைத் தாண்டிச் செல்லுமாறு கருவியில் அமைக்க வேண்டும். எவ்வளவு தாழ்வாக இறக்கலாம்? கியர்பாக்ஸின் எண்ணெய் மேல் பற்சக்கரத்தை எட்டும் வரை.