கடலில்லாத ஊரில் கடற்கொள்ளைக்காரர்கள்

திருப்பூரில் எல்லாம் உண்டு. கடல் ஒன்றுதான் இல்லை. நொய்யல் நதி இருக்கிறதே என்பீர்களானால், அதைப் பற்றி இப்போது பேச்செடுக்காமல் இருப்பதே ஊராருக்கு நாம் செய்யும் மரியாதை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றிய ஸினிமாப் படங்களில் எவை பார்க்கத் தகுந்தவை என்று ஆராய்ச்சி செய்ய நேருமென்று நாம் கனவிலும் கருதியதில்லை. ஆனால் நேர்ந்துவிட்டது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நண்பர் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியொன்றில் பாக்கிங் பகுதியின் மேற்பார்வையாளர். சனிக்கிழமை இரவு சம்பளப் பட்டுவாடா முடிந்து, ஞாயிறு மத்தியானச் சாப்பாடும் ஆனபின், குடும்பத்தார் அனைவரும் ஒரு படத்தின் முன்னால் உட்காருவது அந்த வீட்டின் வழக்கம். அன்று ஆறாம் வகுப்பில் படிக்கும் பையன், கொள்ளைக்காரர் கப்பல் வரும் படந்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தான். மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த அவனுடைய அமுச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, கடலே இல்லாத ஊருக்குக் கடக் கொள்ளைக்காரன் எதுக்குங்க?” என்று கேட்டார்.

நண்பர் சிரிக்கவில்லை. “நம்ம சரக்கெல்லாம் கடல்லதானுங்க அத்தை போகுது” என்றார்.

பிறகு அவர் சொன்ன கதை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்டபோது அதற்கு வேறொரு பலம் இருந்தது. தைத்து, அயர்ன் செய்து, அட்டைப் பெட்டியில் அடுக்கிய பனியன்களில் பெரும்பகுதி கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குப் போகிறது. அங்கிருந்து கப்பல். ஐரோப்பாவுக்குக் குறுக்கு வழி செங்கடலும் சூயஸ் கால்வாயும். 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செங்கடலில் ஒரு சரக்குக் கப்பலை ஹௌதிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்கிப் பிடித்தார்கள். பிறகு வேறு கப்பல்களின்மீது ஏவுகணைகள் பாய்ந்தன. கப்பல் கம்பெனிகள் பல, வாஸ்கோ ட காமா வந்த பழைய வழியாக ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. பிரயாணம் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீண்டது, வாடகையும் ஏறியது. சரக்கு நாள் தவறினால் வாங்குகிறவர் விலையில் தள்ளுபடி கேட்பார். அல்லது ஆகாய விமானத்தில் அனுப்பு என்பார். விமானக் கூலி கொடுத்தால் லாபம் போகும். லாபம் குறைந்தால் ஓவர்டைம் குறையும். ஓவர்டைம் குறைந்தால் பவர்டேபிளில் உட்கார்ந்திருப்பவர் வீட்டு அரிசிப் பானைக்குச் சேதி போகும். அந்த வருஷம் மூன்று சனிக்கிழமைகள் சம்பளக் கவர் மெலிந்திருந்ததென்று நண்பர் கணக்குச் சொன்னார்.

அமுச்சி வெற்றிலையை மென்றபடி, “அப்பறம் என்ன? போடு கண்ணு, பாக்கலாம்” என்று பேரனுக்கு உத்தரவு கொடுத்துவிட்டார். எந்தப் படம் என்பதை மாத்திரம் நம் தலையில் கட்டினார்கள். நாம் ஸினிமா விஷயத்தில் நிபுணர் என்று யார் அவர்களுக்குச் சொன்னார்களோ, தெரியவில்லை.

நாம் யோசிக்காமல் சொன்ன பெயர் ‘ஆயிரத்தில் ஒருவன்’. 1965-ஆம் வருஷம் ஜூலை மாதம் வெளியானது. (2010-இல் அதே பெயரில் வந்த படம் முற்றிலும் வேறு, தேடும்போது வருஷத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள்.) பி. ஆர். பந்துலு தமது பத்மினி பிக்சர்ஸ் சார்பில் எடுத்தது. எம். ஜி. ஆருடன் பந்துலு சேர்ந்த முதற் படமும், எம். ஜி. ஆருடன் ஜெயலலிதா நடித்த முதற் படமும் இதுவே. அப்போது ஜெயலலிதாவுக்கு வயது 17.

கதாநாயகன் மணிமாறன் ஒரு வைத்தியன். காயம்பட்டு வந்தவனுக்கு மருந்து கட்டுவது அவன் தர்மம். வந்தவன் அரசாங்கத்தை எதிர்த்த கலகக்காரன் என்பதனால், மருந்து கட்டியவனும் குற்றவாளி ஆகிறான். கூட்டத்தோடு கூட்டமாக அவனையும் அடிமையாக ஒரு தீவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். அங்கே மனிதரை விலை பேசுகிறார்கள். பிறகு கொள்ளைக்காரர் தீவைத் தாக்குகிறார்கள். அடிமைகள் அவர்களை விரட்டியடிக்கிறார்கள். அதற்குக் கூலியாக வாக்களிக்கப்பட்ட விடுதலை கிடைக்காமற் போகவே, கப்பலேறித் தப்புகிறார்கள். விதிவசமாகக் கொள்ளைக்காரர்களோடேயே சேரவும் நேரிடுகிறது. கொள்ளைத் தலைவன் நம்பியார் என்று சொன்னால் போதும். மேற்கொண்டு வர்ணிக்கத் தேவையில்லை. வாள் சண்டைக்கு முன்னால் அவர் புருவத்தை உயர்த்துகிறாரே, அதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

இந்தக் கதையின் மூலம் ஸபாட்டினி என்பவர் 1922-இல் எழுதிய ‘காப்டன் பிளட்’ என்னும் ஆங்கில நாவல். 1935-இல் வார்னர் கம்பெனியார் அதைப் படமாக்கினார்கள். டைரக்டர் மைக்கேல் கர்ட்டிஸ். பெரிய நடிகர் ஒருவர் விலகிக்கொண்டதால், யாரும் அதிகம் கேள்விப்பட்டிராத எரால் பிளின் என்ற 26 வயது வாலிபனுக்கு அந்த வேஷம் கிடைத்தது. ஒரே படத்தில் உலகப் பிரசித்தி அடைந்தார். அதிலும் ஒரு வைத்தியன். 1685-இல் இங்கிலாந்தில் நடந்த மன்மத் கலகத்தில் காயம்பட்டவனுக்குச் சிகிச்சை செய்து மாட்டிக்கொள்கிறான். ஜமைக்காவில் அவனை ஏலம் போடும் கட்டத்தைப் பாருங்கள். மாட்டுச் சந்தையில் செய்வதுபோலப் பல்லைக் காட்டச் சொல்கிறார்கள், அவன் மறுக்கிறான். கடைசியில் பத்துப் பவுனுக்கு விலை போகிறான். கடற்கரையில் பாஸில் ராத்போனுடன் நடக்கும் கத்திச் சண்டையைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நமக்கு அந்தப் பத்துப் பவுன் விலைதான் மனத்தைவிட்டுப் போகவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பந்துலு எதை எடுத்துக் கொண்டார், எதைச் சேர்த்தார் என்பது விளங்கும். ஆங்கிலப் படம் வேகமானது. ஓர் அங்குலம் வீணில்லை. ஆனால் கடைசியில் ராஜா மாறியதும் பழைய அடிமை புது ராஜாவிடம் கவர்னர் உத்தியோகம் வாங்கிக்கொண்டு திருப்தி அடைந்துவிடுகிறான். தமிழ்ப் படத்தில் வேகம் குறைவு, பாட்டுக்கள் அதிகம். ஆனால் அடிமைகள் கூட்டம் கூட்டமாக நின்று கேள்வி கேட்கிறார்கள். கப்பலின் மேல்தட்டில் பறவையையும் காற்றையும் பார்த்து விடுதலையைப் பற்றிக் கோஷ்டியாகப் பாடுகிறார்களே, அது கண்ணதாசன் எழுதியது. விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தார்கள். கார்வார்க் கடலில் எடுத்த காட்சி. அந்தப் பாட்டு வந்தபோது நண்பர் வீட்டில் அடுத்த அறையிலிருந்த பெண்களும் வந்து நின்றுவிட்டார்கள். 2014 மார்ச் மாதத்தில் இப்படத்தைப் புது முறையில் சீர்செய்து மறுபடி வெளியிட்டபோது சென்னையில் 175 நாள் ஓடியது. நாற்பத்தொன்பது வருஷம் கழித்து வந்த படத்துக்கு வெள்ளிவிழா!

குறை இல்லையா? உண்டு. நாகேஷின் ஹாஸ்யம் நடுவில் கொஞ்சம் நீளுகிறது. அடிமைகளின் உடம்பில் சவுக்குத் தழும்பைக் காட்டிலும் ஒப்பனைப் பௌடர் அதிகம். பையன் அதைக் கவனித்துச் சொன்னான்.

மற்ற அந்நிய நாட்டுப் படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1926-இல் டக்ளஸ் பேர்பாங்க்ஸ் நடித்த ‘பிளாக் பைரேட்’ பேசாத படம். ஆனாலும் வர்ணப் படம். பாயில் கத்தியைக் குத்தி, அதைக் கிழித்துக்கொண்டே அவர் மேலிருந்து கீழே சறுக்கி வரும் காட்சிக்காகவே பார்க்கலாம். பாஷைத் தொல்லை கிடையாது. பேசாப் பட காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். அந்த உத்தியோகத்தை வீட்டுத் தகப்பனார் ஏற்றுக் கொள்ளலாம். குழந்தைகளுக்கு 1950-இல் டிஸ்னி கம்பெனியார் எடுத்த ‘டிரஷர் ஐலண்ட்’. ஒற்றைக் கால் ஸில்வராக வரும் ராபர்ட் நியூட்டன் ‘ர்ர்’ என்று இழுத்துப் பேசிய பேச்சையே இன்றைக்கும் உலகத்துப் பிள்ளைகள் கொள்ளைக்காரர் பேச்சு என்று நினைக்கிறார்கள். 1952-இல் வந்த ‘கிரிம்ஸன் பைரேட்’ வேடிக்கைப் படம். பர்ட் லங்காஸ்டர் ஸினிமாவுக்கு வருமுன் ஸர்க்கஸில் இருந்தவர். பழைய ஸர்க்கஸ் கூட்டாளியையே உடன் சேர்த்துக்கொண்டு கயிற்றுக்குக் கயிறு தாவுகிறார்.

படம் முடிந்ததும் பையன் ஒரு கேள்வி போட்டான்: “மாமா, இவங்கள்ல யாரு நெசமான கொள்ளைக்காரங்க?”

இதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல. கோழிக்கோட்டுக் கடலில் போர்ச்சுக்கீசியரோடு தலைமுறை தலைமுறையாகப் போராடிய குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்ச்சுக்கீசியர் கொள்ளைக்காரர் என்றே எழுதி வைத்தார்கள். நான்காம் குஞ்ஞாலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய் 1600-இல் தலையை வெட்டினார்கள். அவர் கதையை மலையாளத்தில் 1967-இலும், பிரியதர்ஷன் டைரக்ஷனில் மோகன்லால் நடிக்க 2021-இலும் படமாக்கியிருக்கிறார்கள். பின்னதில் கப்பல்கள் கண்ணைப் பறிக்கின்றன. வசனந்தான் காதில் ஏறவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நடந்த கதையாதலால் கொங்கு நாட்டாருக்கு இது அண்டைவீட்டுச் செய்தி.

பையனுக்கு நாம் சொன்ன பதில் வேறொரு படம். ‘ஆயிரத்தில் ஒருவ’னுக்கு நான்கு வருஷம் முன்பு, 1961-இல், இதே பந்துலு ‘கப்பலோட்டிய தமிழ’னை எடுத்தார். கடற்கொள்ளைப் படங்களின் பட்டியலில் யாரும் இதைச் சேர்ப்பதில்லை. நாம் சேர்க்கிறோம். 1906-இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. அதுவும் போதாமல் 1908-இல் அவரை ராஜத்துரோகி என்று பிடித்து, இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது குறைந்தது. அவர் சிறையிலிருக்கையிலேயே கம்பெனி கலைந்தது. கப்பல்கள் விலை போயின. இரண்டு கப்பலையும் பறித்தவர்களை எந்தச் சட்டமும் கொள்ளைக்காரர் என்று சொல்லவில்லை. கப்பலுக்குச் சொந்தக்காரர் கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். திருப்பூரிலிருந்து அந்தச் சிறை சுமார் 50 கிலோமீட்டர்.

சிவாஜி கணேசன் செக்கை இழுக்கும் கட்டம் வந்தபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவி எடுத்த இந்தப் படம், வெளிவந்தபோது வசூலில் தோற்றது என்பதை இங்கே வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம். நான்கு வருஷத்துக்குப் பின் அதே கையிலிருந்து அடிமைகள் கப்பலைப் பிடிக்கும் கதை வந்து, தமிழ்நாடே திரண்டு பார்த்தது. முதற் படத்தில் சொல்ல வந்ததையே வாளும் பாட்டும் சேர்த்து இரண்டாவதில் பந்துலு சொல்லிவிட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு படம், இது குழந்தைகளுக்கல்ல. 2009 ஏப்ரலில் சோமாலியாக் கடலில் ‘மார்ஸ்க் அலபாமா’ என்னும் கண்டெய்னர் கப்பலை நான்கு பேர் துப்பாக்கியோடு ஏறிப் பிடித்தார்கள். அதை வைத்து 2013-இல் ‘காப்டன் பிலிப்ஸ்’ வந்தது. டாம் ஹாங்க்ஸ் நடித்தது. பாய்மரம் இல்லை, இறகுத் தொப்பி இல்லை. எலும்பும் தோலுமான வாலிபர்கள், ஓட்டைப் படகு, பயம். தாங்கள் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் என்றும், பெரிய கப்பல்கள் வந்து மீனை அள்ளிப் போய்விட்டன என்றும் அவர்கள் சொல்கிறார்கள். அதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. மாலுமியும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். 2024 மார்ச்சில் நம் இந்தியக் கடற்படையார், கொள்ளைக்காரர் வசமிருந்த ‘ரூயென்’ என்ற கப்பலை வளைத்து, 35 கொள்ளைக்காரர்களைச் சரணடையச் செய்து, 17 மாலுமிகளையும் காயமின்றி மீட்டார்கள். இதைப் படமாக எடுக்க எந்தப் புண்ணியவானாவது முன்வந்தால், திருப்பூரில் முதல் டிக்கெட் நம் நண்பர் வீட்டில் எடுப்பார்கள்.

‘காப்டன் பிலிப்ஸ்’ஸில், கண்டெய்னர்கள் மலைபோல் அடுக்கிய கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது, நண்பர் திரைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

“என்னங்க மாப்பிள்ளை தேடறீங்க?” என்று கேட்டார் அமுச்சி.

“நம்ம பெட்டி ஏதாச்சும் இருக்குதான்னு பாத்தனுங்க” என்றார் நண்பர்.

மறுநாள் அவருக்கு ஷிப்மெண்ட் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டார்கள்.