பிள்ளை பெற்றவளின் மனம்

சுங்குவார்சத்திரத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையோரம், விடியற்கால ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்களைக் காண்போருக்கு, வெளிமாவட்டங்களிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் உழைக்கும் இந்த யுவதிகள் நாளை விவாகமாகிக் கர்ப்பம் தரிக்கும்போது, தாயும் அத்தையும் அருகில்லாத வாடகை அறையில் அவர்கள் மனத்தை யார் விசாரிப்பார்கள் என்ற வினா எழாமலிராது.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தித் தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் அழைத்துச் செல்லும் சம்பிரதாயத்தில், கர்ப்பிணி தனித்து வாடலாகாது என்ற பரிவு இருந்தது என்றே கருதுகிறேன். ஆயினும் பிள்ளை பெற்றவள் அழுதால், ‘பச்சை உடம்புக்காரி அழக்கூடாது’ என்று வாயடைத்துவிடும் வழக்கமும் கூடவே இருக்கிறது.

பிரசவமான சில தினங்களில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவது பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வதே. இரண்டு வாரத்தில் தானே தணியும். அதன் பின்னும் துக்கம் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராமல், சிசுவைத் தூக்கவும் மனமில்லாமற்போனால், அது சோம்பலன்று, சுபாவக் குறையுமன்று. சிகிச்சையால் குணமாகும் வியாதி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிரசவித்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மனநோய், பிரதானமாக மனச்சோர்வு, நேர்கிறது. 1987-ல் வெளியான, எடின்பரோவின் பெயரால் வழங்கும் 10 வினாக்களைக் கேட்டே ஒரு நர்ஸ் இதன் சாயலை உணர்ந்துகொள்ளலாம். தடுப்பூசிக்குக் குழந்தையை எடுத்துவரும் நாளே அதற்கு உகந்தது.

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகமும் விதித்தது. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். ஆனால் தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் தோன்றினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டும்.