போர்டு வாங்குமுன் பேட்டரியைப் பாருங்கள்!

எஸ்.என்.கே. நிறுவனம் 1990-ல் வெளியிட்ட நியோ ஜியோ எம்.வி.எஸ்., காசு போட்டு விளையாடும் ஆர்கேடு இயந்திரம். அதன் போர்டை மட்டும் வாங்கி, வீட்டு டிவியில் விளையாடும் கன்சோலாக மாற்றலாம். போர்டு தருவது ஆர்ஜிபி படம். உங்கள் டிவிக்கு ஏற்ப அதை மாற்றித்தரும் சிறு சர்க்யூட்டும் தேவை.

பல மாடல்களில், ஒரே கார்ட்ரிட்ஜ் ஏற்கும் எம்வி-1சி சிறியது. சிறிய பெட்டிக்குள் அடங்கும். ஆனால் அளவைவிட நான் முதலில் பார்ப்பது பேட்டரியைத்தான். நம் கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருப்பதுபோல, செட்டிங்குகளைக் காக்க இதிலும் பேட்டரி உண்டு. பழைய போர்டுகள் பலவற்றில் அது நிக்கல்-காட்மியம் வகை. நாளடைவில் கசிந்து, செம்புத் தடங்களை அரித்துவிடும். அதைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தால் வாங்காதீர்கள்.

நல்ல போர்டு கிடைத்தாலும், பவர் கொடுக்குமுன் 5 வோல்ட், கிரவுண்டு இணைப்புகளை மீட்டரால் சரிபாருங்கள். மாற்றிக் கொடுத்தால் சிப்புகள் போய்விடும்!