கடலை மிட்டாயில் கடலை எவ்வளவு? எண்களில் விடை சொல்லும் ஸ்பெயின்

கடலை மிட்டாய், சிக்கி என எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும், இவ்வகை இனிப்புகளில் விலை கூடிய பொருள் பருப்புதான், மலிவானது பாகு. பருப்பின் விலை ஏறும்போது பாகின் அளவைக் கூட்டிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. வாங்குபவர் அதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு எண்களிலேயே விடை வைத்திருக்கும் நாடுகளில் ஸ்பெயின் முக்கியமானது.

அந்நாட்டின் கிழக்கே, அலிகாந்தே மாகாணத்தில் உள்ள ஹிஹோனா என்ற சிற்றூர், 'துர்ரோன்' எனப்படும் பாதாம் மிட்டாய்க்குப் பெயர்பெற்றது. ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் பண்டங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. தேனையும் சர்க்கரையையும் காய்ச்சி, முட்டையின் வெண்கருவைச் சேர்த்துக் கிளறி, வறுத்த பாதாமைக் கலக்கின்றனர். பாதாமை முழுதாகவே விட்டு, அப்பளம் போன்ற மெல்லிய மாவுத் தகடுகளுக்கு இடையே இறுகவிட்டால் கிடைப்பது 'அலிகாந்தே' வகை. இதைக் கடிப்பதற்குப் பல் உறுதியாக இருக்க வேண்டும். இறுகிய கலவையை அரைத்து, பாதாமின் எண்ணெய் வெளிவந்த பின் மீண்டும் சூடேற்றிக் கிளறினால் மென்மையான 'ஹிஹோனா' வகை கிடைக்கும்.

இவ்விரு பெயர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 1996-ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்தது. 'சுப்ரெமா' எனப்படும் உயர்தரப் பிரிவில், அலிகாந்தே துர்ரோனில் குறைந்தது 60 சதவீதமும், ஹிஹோனா துர்ரோனில் குறைந்தது 64 சதவீதமும் பாதாம் இருக்க வேண்டும். தேனின் அளவு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே, பெட்டியில் அச்சொல் இருந்தால் உள்ளே பாதிக்கும் மேல் பாதாம் என்பது வெறும் விளம்பர வாசகம் அல்ல, விதிமுறையின் நிபந்தனை. பிரான்ஸின் மோன்டெலிமார் நகரத்து 'நூகா' இனிப்பில் பருப்பின் பங்கு குறைந்தது 30 சதவீதம்.

எண்களே தேவைப்படாத மிட்டாயும் உண்டு. ஜார்ஜியாவின் 'சுர்ச்ஹேலா'வைச் செய்ய, வால்நட் பருப்புகளை நூலில் மாலையாகக் கோக்கின்றனர். திராட்சைச் சாற்றில் மாவு சேர்த்துக் காய்ச்சிய கூழில் அம்மாலையைப் பலமுறை தோய்த்து, கொடியில் தொங்கவிட்டு உலர்த்துகின்றனர். பார்ப்பதற்கு மெழுகுவர்த்தி போல இருக்கும். திராட்சை அறுவடைக் காலமே இதற்கான பருவம். சாற்றின் இனிப்பே போதும் என்பதால் மரபான முறையில் சர்க்கரை சேர்ப்பதில்லை. குறுக்கே வெட்டினால் பருப்பின் அளவு கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்தியாவில், கரிசல் மண் நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்துச் செய்யப்படும் கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. எள்ளும் வெல்லமும் சேர்ந்த மத்தியப் பிரதேசத்தின் மொரேனா கஜக் 2023-ஆம் ஆண்டு அதைப் பெற்றது. இக்குறியீடு காப்பது ஊரின் பெயரை. வேறு ஊரில் செய்த மிட்டாயைக் 'கோவில்பட்டி' என்று சொல்லி விற்பது சட்டப்படி தவறு. ஆனால், ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் பெட்டிக்கடையில் தொங்கும் பாக்கெட்டை அது கட்டுப்படுத்தாது.

அங்கே உதவுவது பாக்கெட்டின் பின்புறம்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி, சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும். வெல்லமோ, சர்க்கரையோ, குளுக்கோஸ் பாகோ முதலில் இருந்தால், அதில் கடலையைவிட இனிப்பே அதிகம் என்று பொருள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, அது சேர்க்கப்பட்டிருப்பதைத் தனியே குறிப்பிடுவதும் கட்டாயம்.