டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டியின் எண்ணெய் வடிகட்டி பொருந்துமா?

செராஸ் வட்டாரத்தில் மோட்டார்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கு எளிதில் எழக்கூடிய வினா ஒன்று உண்டு. டீசல் லோரிக்குரிய எண்ணெய் வடிகட்டி கையிருப்பில் இல்லை, பெட்ரோல் காருக்குரியது இருக்கிறது, மரையும் ஒத்திருக்கிறது. அதையே பூட்டினால் என்ன? வடிகட்டியின் விலை சில பத்து ரிங்கிட். எஞ்சின் பழுதானால் செலவு பல ஆயிரம் ரிங்கிட். ஒற்றை லோரியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய வினா அன்று.

கறுப்பு எண்ணெய்

எஞ்சின் எண்ணெயை மலாய் மொழியில் ‘மிஞாக் ஹித்தாம்’ என்பர். ‘கறுப்பு எண்ணெய்’ என்பது அதன் பொருள். டீசல் எஞ்சினுக்கு இப்பெயர் மிகவும் தகும். புதிய எண்ணெய் ஊற்றிய சில நாள்களிலேயே அது கறுத்துவிடும். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகள்கள் எண்ணெயில் கலப்பதே காரணம்.

ஆகவே டீசலுக்கு மிக நுண்ணிய வடிகட்டி வேண்டும் என்று பலர் கருதுவர். இது பாதி உண்மையே. தனிக் கரித்துகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியது. சாதாரணத் தாள் வடிகட்டியில் அது சிக்காது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்கச் செய்வது டீசல் எண்ணெயில் சேர்க்கப்படும் கூட்டுப்பொருள்களின் வேலை. அவற்றின் ஆற்றல் தீர்ந்ததும் துகள்கள் திரண்டு வடிகட்டியை அடைக்கின்றன.

வடிகட்டி அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடக் கூடாது. அதற்கென ஒரு மாற்றுவழி வால்வு உண்டு. சில எஞ்சின்களில் அது வடிகட்டிக்குள்ளேயே இருக்கும். குறித்த அழுத்தத்தில் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயைப் பேரிங்குகளுக்கு அனுப்பிவிடும். சிறிய வடிகட்டி விரைவில் நிரம்பும். வால்வும் விரைவில் திறக்கும். ஓட்டுநருக்கோ ஒன்றும் தெரியாது.

செராஸ் சாலையும் செம்பனையும்

செராஸ் நெரிசலில் வண்டி நகராமல் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் கிலோமீட்டர்க் கணக்கில் ஏறுவதில்லை. எண்ணெயின் தேய்மானத்தில் ஏறுகிறது. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. 2019இல் போக்குவரத்துத் துறைக்கு இதன் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெய்த் தொட்டியில் இறங்கும் எரிபொருளில் இப்பகுதி எளிதில் ஆவியாகாமல் தங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்யும். எனவே நல்ல வடிகட்டியைப் பூட்டினாலும் எண்ணெயைக் காலத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

முடிவு

எரிபொருள் எது என்பது வடிகட்டிக்குத் தெரியாது. எண்ணெய் ஓட்டத்தின் அளவு, தாங்க வேண்டிய அழுத்தம், கொள்ளும் அழுக்கு, வால்வு திறக்கும் நிலை ஆகியவையே அதன் தகுதியைத் தீர்மானிப்பன. தயாரிப்பாளர் தம் பட்டியலில் ஒரே எண்ணுள்ள வடிகட்டியைப் பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் இரண்டுக்கும் குறித்திருந்தால் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம், அத்தகையவை உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்றை மரை ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் பூட்டுதல் ஆகாது. உரிய வடிகட்டி வரும்வரை லோரி ஒரு நாள் பட்டறையில் நிற்பதால் வரும் இழப்பு, எஞ்சின் போவதால் வரும் இழப்பினும் மிகச் சிறிது.